இரண்டாவது தும்மல்

“இதை இன்னைக்கே போட்டாகணும் நூபியா. நாளைக்குன்னா எல்லாம் நாசமாப் போச்சு!”

எவாரிஸ்தோ நாற்காலியில் உட்காரவில்லை. அதைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். பொகோட்டாவில் புதுப் பாட்டுக்குழுக்களைப் பற்றி எழுதும் ஓர் இணைய இதழுக்கு அவர் மூத்த விமரிசகர். எந்தக் குழுவையும் அதன் பெற்றோருக்கு அடுத்தபடியாகக் கேட்டவர் தாமே என்று சொல்லிக்கொள்வார். இந்த வருஷம் அந்தப் பெருமைக்குக் கேடு வந்துவிட்டது. புதிதாகத் தேறிய குழுக்களைப் பற்றியெல்லாம் பக்கத்து மேஜை நூபியாதான் முதலில் எழுதினாள். போதாக்குறைக்கு, ஜனவரியிலிருந்து ஒரு விமரிசகர் போதும் என்று முதலாளி வேறு சொல்லிவிட்டார்.

அதிலிருந்து எவாரிஸ்தோவுக்கு வீடு, அலுவலகம் எல்லாம் வீடியோதான். கண் சிவந்து, பகல் எது, இரவு எது என்றே தெரியாத நிலை.

விடுமுறை வாரம். அலுவலகத்தில் இவர்கள் இருவரும், யாரோ மிச்சம் வைத்த கிறிஸ்துமஸ் பலகாரமும்தான்.

“என்ன குழு வாத்தியாரே?” என்றாள் நூபியா.

“‘இரண்டாவது தும்மல்’.”

அவள் வாயிலிருந்த பலகாரம் புரையேறியது. “அப்ப முதல் தும்மல் எங்க?”

“சிரிக்காத. வீடியோவப் பாரு.”

சலவை இயந்திரத்தின் உள்ளே கேமரா. துணிகள் சுழல்கின்றன. ஒரு காலுறையில் ‘நீ’, சட்டைக் காலரில் ‘திரும்பி’, போர்வை ஓரத்தில் ‘வரும்வரை’ என்று பாட்டின் ஒவ்வொரு சொல்லும் ஒரு துணியில் தைத்திருக்கிறது. அந்தச் சொல்லைப் பாடும் கணத்தில் அந்தத் துணி நேராக முன்னால் வந்து போகிறது. தாளம், இயந்திரத்தின் தடதடப்பு. கடைசியில் தண்ணீர் வடிந்ததும் கண்ணாடிக்கு அப்பால் ஒரு பெண் தெரிகிறாள். மாற்றுத்துணி இல்லாமல், துண்டைச் சுற்றிக்கொண்டு காத்திருக்கிறாள்.

நூபியா இப்போது சிரிக்கவில்லை. இன்னொரு தடவை பார்த்தாள். எவாரிஸ்தோ சட்டென்று திரையைத் தம் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“நெஜமாவே நல்லாயிருக்கு,” என்றாள். “ஆனா இன்னைக்குப் போடாதீங்க. நாளைக்குப் போடுங்க.”

“ஏன்?”

“ஏன்னா கேக்கறீங்க? இன்னைக்குப் போய் யாராவது...”

“போதும்மா! இந்தப் பூனையும் பால் குடிக்குமாங்கற மூஞ்சிய என்கிட்ட காட்டாத. நாளைக்குள்ள நீயே எழுதிப் போட்டுடுவே, அதானே?”

நூபியா தோளைக் குலுக்கிவிட்டு மறுபடி பலகாரத்தில் கை வைத்தாள்.

எவாரிஸ்தோ முதலாளிக்குப் போன் போட்டார். கடற்கரையில் விடுமுறையிலிருந்த முதலாளி, விவரம் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

“தும்மலா? சலவை மிஷினா? உங்களுக்கு இதெல்லாம்கூட வருமா எவாரிஸ்தோ? இத்தனை நாள் தெரியாமப் போச்சே! உடனே போடுங்க!”

பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். எதையும் அப்படி எடுத்துக்கொள்வது அவர் வழக்கம்.

குழு இருந்தது நகரின் சப்பினேரோ பகுதியில், ஒரு சலவைக்கடையின் மாடியில். பாடகி மாரிசெல், தாளக்காரன் டூபான். குழு மொத்தமே அவ்வளவுதான்.

“நான் எவாரிஸ்தோ லொசானோ,” என்று சொல்லி, அவர்கள் மயங்கி விழுவதற்குச் சற்று அவகாசம் கொடுத்தார்.

யாரும் விழவில்லை. “அவரேவா? எங்க வீட்டுலயா?” என்றாள் மாரிசெல்.

“இந்தக் கண்டத்துப் பாட்டோட எதிர்காலமே நீங்க ரெண்டு பேர்தான். இன்னைக்கே எழுதப் போறேன்.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டூபான் கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். பிறகு அவருடைய கோட்டுப் பையை உற்றுப் பார்த்தான்.

“கேமராவ எங்க சார் ஒளிச்சு வச்சிருக்கீங்க?”

‘எங்கும் கேமராவைத் தேடும் கலைக்கண்கள்’ என்று எவாரிஸ்தோ மனத்துக்குள் எழுதிக்கொண்டார்.

“உங்கள யாரு அனுப்பினது?” மாரிசெல் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள். “எங்க அக்காதானே?”

“கலை அனுப்பிச்சுது.”

அதற்குமேல் அவர்களால் தாங்க முடியவில்லை. மாரிசெல் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“எழுதுங்க சார், நல்லா எழுதுங்க!” என்றான் டூபான், கண்ணைத் துடைத்தபடி. “தாளம் நான் போடல, மிஷின்தான் போட்டுச்சுன்னும் சேர்த்துக்குங்க!”

இளமையின் கூச்சம் சிரிப்பாகப் பீறிடுகிறது என்று அதற்கும் ஒரு வாக்கியம் தயாரானது.

திரும்பும் வழியில் டாக்சியிலேயே எழுதினார். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் நூபியா தம்மை முந்திவிட்டதுபோல் நெஞ்சு அடித்துக்கொண்டது. ‘ஈரத் துணியின் மெய்யியல்: ஒரு சலவைப் புரட்சி’ என்று தலைப்பு வைத்தார். திருத்தக்கூட நேரம் எடுத்துக்கொள்ளாமல் வெளியிட்டுவிட்டு, அப்புறம்தான் மூச்சு விட்டார்.

வீடு வந்து சேர்வதற்குள் கைபேசி அதிர்ந்து அதிர்ந்து சூடாகிவிட்டது.

“ஐயோ, வயிறு வலிக்குது!”

“இந்த வருஷத்துல இதுக்குத்தான் முதல் பரிசு!”

“இப்படி ஒரு குழு இருந்தா நான் என் காதை அறுத்துக்கறேன். காலுறைக்கு மெய்யியலாம்! அந்த வீடியோவ எடுக்க எத்தனை நாள் ஆச்சு எவாரிஸ்தோ?”

நூபியாவைப் போனில் கூப்பிட்டார். “ஏம்மா, ஊரே ஏன் சிரிக்குது?”

“அதைத்தானே வாத்தியாரே காலையில சொல்ல வந்தேன். இன்னைக்கு டிசம்பர் இருபத்தெட்டு, அப்பாவிகள் தினம். பத்திரிகைக்காரன்லேர்ந்து பாதிரியார் வரைக்கும் பொய் சொல்லி ஏமாத்தற நாள்ல, எவன் நெஜத்த நம்புவான்?”

இருபத்தொன்பதாம் தேதி காலையில், ‘இரண்டாவது தும்மல்’ என்றொரு புதிய குழுவை நூபியா முதன்முதலாகக் கண்டுபிடித்தாள்.