மூன்றாவது பதில்

"கடவுள் இருக்காரா, இல்லையா? ஒண்ணு சொல்லுண்ணா," என்றாள் தங்கை.

ஞாயிறு தவறாத செஸ் ஆட்டம். அண்ணன் பலகையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"தெரியாது."

"முப்பது வருஷம் போலீஸுக்குக் கைரேகை பார்த்துக் குடுத்தவன், இதுல மட்டும் மழுப்புறியே."

"மழுப்பலைம்மா. கைரேகைக்கும் மூணு பதில் உண்டு. இவனோடது, இவனோடது இல்ல, சொல்ல முடியாது. மூணாவதைச் சொல்லத்தான் தைரியம் வேணும்."

"வழவழா கொழகொழா." எதிரே காய் நகர்த்திக்கொண்டிருந்த தையல்காரரிடம் திரும்பினாள். "நீங்களே கேளுங்கண்ணா. முன்னெல்லாம் இவன் சாமி கும்பிடாம வாசப்படி தாண்ட மாட்டான். எதையும் அடிச்சுச் சொல்லுவான். யாரு கெடுத்தாங்களோ."

"நான்தாம்மா," என்றார் தையல்காரர்.

"நீங்களா? நீங்க தினமும் கும்பிடுறவராச்சே."

"ஆமா. ஆனா துளி சந்தேகமில்லைன்னு இவர் கடைசியா அடிச்சுச் சொன்னது, ஒரு திருட்டு கேஸ்ல என் கைரேகையைப் பத்தி. நாலு வருஷம் உள்ளே இருந்தேன்."

தங்கை அண்ணனைப் பார்த்தாள். அவர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தையல்காரர் குதிரையை நகர்த்தினார்.

"அப்புறம் கோர்ட்டுல அதே சாட்சிக் கூண்டுல ஏறி, 'அது இவரோடதான்னு என்னால சொல்ல முடியாது'ன்னு சொல்லி, என்னை வெளியே எடுத்ததும் இவர்தாம்மா."