கதவைச் சாத்துகிறவர்

கையெழுத்தைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார் என்று பயந்து, மதிப்பீட்டுப் படிவத்தில் மேலாளரைப் பற்றி எல்லோரும் வருடாவருடம் 'மிக நன்று' என்றே எழுதினார்கள். பணியாளர் பிரிவுக்காரி அதை இணையதளத்துக்கு மாற்றினாள். முதல் நாளே பெயரில்லாமல் ஒரு குறிப்பு விழுந்தது: 'முன்கோபி. கதவை அறைந்து சாத்துவார்.'

மேலாளர் அவளைக் கூப்பிட்டார். "யார் எழுதினதுன்னு உன்னால பார்க்க முடியும்ல?"

"முடியும் சார். ஆனா பார்க்க மாட்டேன்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன்."

"வேலையே போனாலும்?"

"போனாலும்தான் சார்."

அவர் சிரித்துவிட்டார். "எழுதினது நான்தாம்மா. நீ காட்டிக்குடுப்பியான்னு பார்த்தேன். இனி எல்லாரையும் தைரியமா எழுதச் சொல்லு."

மாலைக்குள் இருபத்தொரு குறிப்புகள் குவிந்தன. அன்று மேலாளர் வீட்டுக்குக் கிளம்பியபோது, கதவு சாத்திய சத்தமே கேட்கவில்லை.