விட்டுப்போன வீடு

"வீட்ல யாருக்காவது காய்ச்சல் இருக்காம்மா?"

வாசலில் நோட்டும் கையுமாக நின்றார் சார்ஜென்ட் அசரியா. விமானப்படையின் சுகாதாரப் பிரிவு. முகாமைச் சுற்றியுள்ள தெருக்களில் வாராவாரம் கணக்கெடுப்பது அவர் வேலை.

"யாருக்கும் இல்ல சார்" என்றாள் தபீதாள்.

உள்ளே, திரைக்குப் பின்னால், அவள் கணவன் எலியேசர் விரலை மடக்க முடியாமல் நான்கு நாளாகப் படுத்துக் கிடந்தான். சிக்குன்குனியா தாம்பரத்தையே முடக்கிப்போட்ட வருஷம் அது.

அவள் முகாமுக்குள் இருந்த குழந்தைகள் காப்பகத்தில் ஆயா. காய்ச்சல் வந்த வீட்டு ஆட்களை முகாம் கேட்டுக்குள் விடமாட்டார்கள் என்று ஒரு பேச்சு.

அசரியா எழுதிக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் கொசுமருந்து வண்டி வந்தது. பக்கத்துத் தெருக்கள் வெள்ளைப் புகையில் கரைந்து, தென்னை மரங்களின் தலைகள் மட்டும் மேலே மிதந்தன. அவள் தெருமுனைவரை வந்த வண்டி அப்படியே திரும்பிப் போனது.

ஒரு வாரம் கழித்து எதிர்வீட்டு பரிதா சொன்னாள்: "எங்க பொண்ணு ஷாயிஸ்தாவுக்கும் காய்ச்சல் வந்துடுச்சுக்கா. பென்சிலைப் பிடிக்க முடியலைன்னு அழறா."

மறுநாள் மதியம் காப்பகத்தில் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தன. ஃபேன் சத்தத்தில் தபீதாளுக்கும் கண் செருகியது. கனவில் அந்தப் புகை மெல்ல மெல்லப் பரவி வந்தது. எல்லா வீடுகளும் மறைந்துபோக, அவள் வீடு மட்டும் பளிச்சென்று நின்றது. வாசலில் ஷாயிஸ்தா பென்சிலை நீட்டிக்கொண்டிருந்தாள்.

திடுக்கிட்டு விழித்தவள், குழந்தைகளை இன்னொரு ஆயாவிடம் ஒப்படைத்துவிட்டு நேரே சுகாதாரப் பிரிவுக்குப் போனாள்.

சுவரில் பெரிய வரைபடம். காய்ச்சல் கண்ட இடமெல்லாம் சிவப்புக் குண்டூசி. அவள் தெருவில் ஒன்றுகூட இல்லை.

"சார், அன்னிக்குப் பொய் சொல்லிட்டேன். என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் இருந்துச்சு. என்னை வேலையை விட்டு நிறுத்தினாலும் சரி, எங்க தெருவுக்கு மருந்து அடிச்சிடுங்க."

அசரியாவின் முகம் சிவந்தது. "ஒரு வீட்டை மறைச்சா இந்த மேப்பே பொய்யாயிடும்மா. இதை நம்பித்தான் வண்டி போகுது. மறைக்க எப்படி மனசு வந்துச்சு?"

"வேலை போயிடுமோன்னு பயம் சார்."

அவள் தெருவில் ஒரு குண்டூசியைக் குத்தினார். போனை எடுத்து, வண்டியை உடனே அனுப்பச் சொன்னார். "வேலையெல்லாம் போகாது. இது கொசு பரப்புற வியாதி. போங்க."

கும்பிட்டுவிட்டுத் திரும்பினாள்.

"ஒரு நிமிஷம் இருங்கம்மா."

அவர் நோட்டைத் திறந்து ஒரு பக்கத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து, இன்னொரு குண்டூசியை முகாமின் குவார்ட்டர்ஸ் வரிசையில் குத்தினார்.

"அது யார் வீடு சார்?"

"என் வீடு. என் மனைவிக்கு மூணு நாளா காய்ச்சல். எழுதினா ஊருக்குப் போற லீவை ரத்து பண்ணிடுவாங்களேன்னு நான்தான் மறைச்சேன்."