காம்பஸுக்குப் பின்னால்

“கீழ தண்ணியாத்தான் சார் தெரியுது.”

ரேடியோவில் வந்தது அவள் குரல்தான்.

அவள் அப்பா ரேடியோ அறையின் கதவை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். மகள் முதல்முறையாகத் தனியே நெடுந்தூரம் பறக்கிறாள் என்று, டவுன் பஸ் ஓட்டுகிற வேலைக்கு ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தார்.

கடலோரத்தில் இருக்கும் இந்தப் பயிற்சிப் பள்ளியிலிருந்து கிளம்பி, தென்மேற்கே மலையடிவாரம் வரை போய்த் திரும்ப வேண்டும். வழியில் தண்ணீர் என்று பார்த்தால் நாலைந்து குளங்கள்தான்.

“காம்பஸ் என்னம்மா காட்டுது?” என்றார் கேப்டன் மச்சாடோ. அவளுக்குப் பறக்கச் சொல்லிக்கொடுத்தவர்.

“சரியாத்தான் காட்டுது சார். கிளம்புனதுல இருந்து அதப் பாத்துத்தான் போறேன். இப்ப மேகம் விலகிருச்சு. பாத்தா தண்ணி.”

கேப்டன் அவளை வடக்கே திரும்பச் சொன்னார்.

அவள் திரும்பினாள். அதே காம்பஸைப் பார்த்து.

அதற்குப் பிறகு அவள் குரல் மெலிந்தது. இரண்டு சொல் கேட்டால் நாலு சொல் கேட்கவில்லை. பத்து நிமிடத்தில் அதுவும் நின்று, வெறும் இரைச்சல் மட்டும் மிச்சம்.

அப்பாவுக்கு அப்போதும் பயம் இல்லை.

சும்மா சொல்லவில்லை. உண்மையிலேயே இல்லை. அவள் தனியாகப் போகவில்லை என்று இந்த அறையில் அவருக்கு மட்டும்தான் தெரியும்.

போன் போட வேண்டிய இடங்களுக்கெல்லாம் போட்டார்கள். கடலில் தேடப் படகு கிளம்பிவிட்டது. அவளுடைய போன் அவர் சட்டைப்பையில் இருந்தது. ‘பத்திரமா வெச்சுக்கோப்பா’ என்று அவளே போட்டுவிட்டுப் போனது.

மெக்கானிக் ஆவுடையப்பன் கைகளைப் பிசைந்துகொண்டிருந்தார்.

“ஆயுத பூஜைக்கு முன்னாடிதான் சார் செக் பண்ணேன். பூஜைக்கப்புறம் மூணு நாளும் மழ. வண்டி வெளியவே போகல. நல்ல காம்பஸ். பக்கத்துல காந்தம் கீந்தம் இருந்தாத்தான் இப்படிக் கோளாறாக் காட்டும்.”

கதவருகே நின்றவர் அதன் பிடியைப் பிடித்துக்கொண்டார்.

காந்தம்.

பத்தொன்பது வருடம் அவருடைய பஸ்ஸில், ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார் அந்தப் பிள்ளையார். கட்டைவிரல் உயரம். அடியில் வட்டக் காந்தம். எத்தனை பள்ளத்தில் இறங்கி ஏறினாலும் அசைந்ததில்லை. அந்தப் பத்தொன்பது வருடத்தில் அவர் பஸ்ஸில் ஒருவருக்கும் ஒரு கீறல் பட்டதில்லை.

பூஜையன்று மாணவர்களின் வீட்டாரையும் பள்ளிக்குள் விட்டார்கள். இறக்கைக்குச் சந்தனம், காற்றாடிக்கு மாலை, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். அவர் பிள்ளையாரைக் கொண்டுபோயிருந்தார்.

“உள்ள எதையும் வைக்க விடமாட்டாங்கப்பா” என்று அவள் சிரித்தாள்.

எல்லோரும் சுண்டல் வாங்கப் போன நேரத்தில், அவள் ஓட்டப்போகிற விமானத்தில் அவர் ஏறினார். முன்பலகையில் வைத்துப் பார்த்தார். காந்தம் ஒட்டவில்லை. என்ன தகரமோ என்று நினைத்துக்கொண்டார். மஞ்சள் துணியில் சுற்றி, யார் கண்ணிலும் படாதபடி, வட்டக் கண்ணாடி போட்ட ஒரு சின்ன மீட்டருக்குப் பின்னால் இடுக்கில் செருகினார்.

அதன் பெயர் காம்பஸ் என்று இப்போதுதான் தெரிகிறது.

அவர் சொன்னார். அரைகுறையாக, முன்னும் பின்னுமாக, கையால் உயரம் காட்டிச் சொன்னார்.

ஆவுடையப்பன் தலையில் அடித்துக்கொண்டு வெளியே போனார். கேப்டன் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“நீங்களே சொல்லுங்கய்யா. எந்த எடத்துல இருக்குன்னு உங்களுக்குத்தான் தெரியும். அவ பேசுறது நமக்குக் கேக்காட்டியும், நாம பேசுறது அவளுக்குக் கேக்கலாம்.”

மைக்கைக் கையில் கொடுத்தார்.

“பட்டன அழுத்திக்கிட்டுப் பேசுங்க. பேசி முடிச்சதும் விட்டுரணும். விட்டாத்தான் அவ பேசுறது கேக்கும்.”

அழுத்தினார்.

“பாப்பா. அப்பா பேசுறேன். அந்தக் காம்பஸுக்குப் பின்னாடி கைய விடு. இடுக்குல மஞ்சத் துணி இருக்கும். அதுக்குள்ள நம்ம பிள்ளையார் இருக்காரு.”

நிறுத்தினார்.

“தூக்கித் தூரப் போடு.”

விட்டார். இரைச்சல்.

அழுத்தினார். சொன்னார். விட்டார். இரைச்சல்.

பன்னிரண்டரை வரைக்கும் பெட்ரோல் இருக்கும் என்று கேப்டன் யாரிடமோ போனில் சொன்னார். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு ஐந்து.

அழுத்தினார். விட்டார்.

பன்னிரண்டு இருபது.

“அப்பா மேல கோவம்னா வந்து திட்டு பாப்பா. இப்ப கைய விட்டுப் பாரு.”

பன்னிரண்டரை.

படகிலிருந்து ஒரு தகவலும் இல்லை என்று யாரோ வந்து மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஆவுடையப்பன் திரும்பி வந்து சுவரோரம் உட்கார்ந்தார். மைக்கைப் பிடித்திருந்தவர் மேல் எல்லோருக்கும் கோபம் இருந்தது. ஆனால் ஒருவரும் அவரை எழுந்திருக்கச் சொல்லவில்லை.

பன்னிரண்டு ஐம்பது.

அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். காம்பஸுக்குப் பின்னால், இடுக்கில், மஞ்சள் துணி. காலையில் அவள் இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு ஓடியது. அம்மாவிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை என்பது. மறுபடியும் மஞ்சள் துணி.

“அய்யா” என்றார் கேப்டன். “பட்டன விடுங்க.”

விட்டால்தான் கேட்கும்.

கட்டைவிரல் வெளுக்கிற அளவுக்கு, அவர் இன்னும் இறுக்கி அழுத்தினார்.