இரட்டைக்கோடு நோட்டு

'எடுத்த பணத்தை எடுத்த இடத்தில் வை.'

மேசை மேல் விரிந்து கிடந்த தாளில், கொட்டை கொட்டையாகப் பென்சிலால் எழுதியிருந்தது. தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த பூட்டு ரிப்பேர்க்காரருக்குப் புரையேறிவிட்டது. யாரோ பார்த்துவிட்டார்கள்!

"அப்பா, தண்ணி சிந்தாதீங்க. என் கையெழுத்து நோட்டு!" இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் ஓடிவந்தாள். "மேல இருக்கிறது டீச்சர் எழுதினது. கீழ பத்து தடவை நான் எழுதணும்."

"டீச்சரா இதை எழுதினாங்க?"

"ஆமா. முந்தாநேத்து வேற வரி. 'உண்டியல் பணம் உண்டியலுக்கே.'"

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவர் அந்த வரியை மறுபடி படித்தார்.

போன வாரம் கடை வாடகையில் துண்டு விழுந்தபோது, மகளின் தகர உண்டியலில் கைவைத்தவர் அவர்தான். மாதம் முடிவதற்குள் திரும்பப் போட்டுவிடலாம் என்று நினைப்பு. சாவி அவள் கழுத்துக் கயிற்றில் தொங்கும். ஆனால் அவருக்குச் சாவி எதற்கு? பூட்டுக்குள் சின்னச் சின்ன ஊசிகள் சுருள்கம்பியின் அழுத்தத்தில் நிற்கும். ஒவ்வொன்றையும் அதனதன் உயரத்துக்குத் தூக்கிவிட்டால் பூட்டு சாதுவாக வாயைத் திறக்கும். சாவித் துவாரத்தின் ஓரத்தில் ஏற்கெனவே ஒரு புதுக் கீறல் இருந்தது. குழந்தை சாவியைக் கோணலாகச் செருகியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார்.

வம்பு என்னவென்றால், அந்தப் பூட்டை மாட்டியவரே அவர்தான். "அப்பாவைத் தவிர ஒரு பயலாலும் இதைத் திறக்க முடியாது" என்று மகளிடம் மார்தட்டியும் இருந்தார். காசு குறைந்தது தெரிந்தால் அவள் வேறு யாரை நினைப்பாள்? அப்புறம் ஜென்மத்துக்கும் அவரை நம்புவாளா?

அதற்குள் மனைவி வந்து நோட்டை வெடுக்கென்று மூடிப் பைக்குள் திணித்தாள்.

"சின்னப் பிள்ளை எழுதுறதுல என்னங்க ஆராய்ச்சி? போய்க் கடையைத் திறங்க."

முகத்தைப் பார்க்காமலேயே சொன்னாள். ஓகோ! இவளுக்கும் தெரிந்திருக்கிறது. இவள்தான் டீச்சரிடம் போட்டுக்கொடுத்திருக்கிறாள். நேரில் கேட்காமல் சுற்றிவளைத்துக் குத்திக்காட்டுகிறாள்.

இரண்டு நாள் மென்று விழுங்கிப் பார்த்தார். மூன்றாம் நாள் காலையில் மகளைப் பள்ளியில் விட்டவர், அவள் விளையாட ஓடியதும் வகுப்பறைக்குள் நுழைந்தார்.

"டீச்சர், நேராவே கேக்கிறேன். உண்டியல்ல எடுத்ததை உங்ககிட்ட யாரு சொன்னா?"

"உண்டியலா?"

"மழுப்பாதீங்க. 'எடுத்த இடத்தில் வை'ன்னு எனக்குன்னே எழுதி அனுப்பியிருக்கீங்களே!"

டீச்சர் கண்களை அகல விரித்தாள். பிறகு சிரித்துக்கொண்டே சாக்பீஸை எடுத்தாள்.

"இங்க பாருங்க. கோட்டை மேலிருந்து இறக்கி, வலது பக்கம் இழுத்து நிறுத்தினா 'ட'. நிறுத்தாம மறுபடி மேல ஏத்தினா 'ப'. இந்த வாண்டுகளுக்கு நிறுத்தத்தான் தெரியாது! அதான் ரெண்டு எழுத்தும் வர்ற வரியா தேடிப் பிடிக்கிறேன். போன மாசம் தண்ணியைப் பத்தி எழுதினாங்க, இந்த மாசம் பணத்தைப் பத்தி. வகுப்புல எல்லாப் பிள்ளைக்கும் இதே வரிதான்."

"அப்போ... எங்க வீட்டுல யாரும் வந்து எதுவும் சொல்லலையா?"

"ஒண்ணுமே சொல்லலைங்க."

அவருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. கூடவே வெட்கமும் வந்தது.

"மன்னிச்சுக்கோங்க டீச்சர். பாவம், என் சம்சாரத்தைப் போய்ச் சந்தேகப்பட்டுட்டேன். அவளுக்கு இதெல்லாம் ஒண்ணுமே தெரியாது."

கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்த டீச்சர் திரும்பிப் பார்த்தாள்.

"நேத்து அவங்களும் வந்து இதையேதான் கேட்டாங்க."