ஆளுக்கொரு பள்ளம்

ஆற்றின் ஆழத்தை வரைபடமாக்க அதிகாரி ஒருவர் வந்தார். “அளக்குற கருவி ரிப்பேர். மீன் தங்குற பள்ளம் எங்கன்னு நீங்களே சொல்லுங்கண்ணே.”

“பாலத்துக்கிட்ட சார்,” என்று கூசாமல் புளுகினேன்.

பக்கத்தில் நின்ற என் மச்சான், “படகுத்துறைதான் சார்,” என்றான். பத்துப் படகுக்காரர்களும் ஆளுக்கொரு இடத்தைக் கைகாட்டினோம்.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்த அன்று, விடிந்தும் விடியாமலும் ஆற்று வளைவுப் பக்கம் நைசாகப் படகை விட்டேன். என் ரகசியப் பள்ளம் அங்கேதான் இருக்கிறது.

அங்கே மச்சான் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தான். பின்னாலேயே மற்ற எட்டுப் படகுகளும் வந்து சேர்ந்தன.

எல்லோருக்கும் முன்னால், கூடை நிறைய மீனோடு அதிகாரி!

“சார், நீங்க எப்படி...?”

“ஆறு முழுக்கப் பள்ளம்னு சொன்னீங்க. இந்த வளைவை மட்டும் ஒருத்தர்கூடச் சொல்லலையேண்ணே!”