நஷ்டப் போட்டி

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தை பொய்யாக இருந்தாலும் என் பல்செட் இந்த நிமிஷமே கழன்று விழட்டும்.

பங்குச் சந்தை சரிந்த அன்று, அந்தச் சத்தத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்று ஜன்னல் கண்ணாடிகள் விரிசல் விட்டன. நாலாவது ஏற்கெனவே விரிசல். நியாயமாக அதைச் சேர்க்கவில்லை.

அதற்கு முன்புவரை, மாலையானால் குடியிருப்புக்காரர்கள் ஆறு பேர் காபிக் கடையில் கூடுவார்கள். அன்றைக்கு யாருக்கு லாபம் அதிகமோ அவர் எல்லோருக்கும் வாங்கித் தரவேண்டும். சரிவுக்குப் பிறகு சட்டம் மாறியது. யாருக்கு நஷ்டம் அதிகமோ அவருக்குக் காபி இலவசம்.

"எனக்கு நாப்பது லட்சம் போச்சு" என்றார் எஞ்சினியர்.

"ப்பூ! எனக்கு அறுபது" என்றார் மீசைக்காரர்.

"நேத்து அம்பத்தஞ்சுன்னீங்களே?"

"படுத்துக்கிட்டே யோசிச்சேன். அஞ்சு விட்டுப்போயிருந்தது."

தீர்ப்புச் சொல்ல ரிட்டயர்டு ஜட்ஜ் வாயைத் திறந்தார். அப்போதுதான் கார் கழுவுகிறவர் வாளியை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

ஆறு தலைகளும் கப்புக்குள் குனிந்தன.

"இவன் எதுக்கு இங்க வர்றான்?" மீசைக்காரர் முணுமுணுத்தார். "நேத்துதான் இனி வரவேண்டாம்னு நிறுத்தினேன். பஞ்சாயத்துக்கு வந்துட்டான். பொண்ணு நர்ஸிங் படிக்குது, ஃபீஸ் கட்டணும்னு ஆரம்பிப்பான். பேச விடாதீங்க."

எஞ்சினியர் நிமிர்ந்தார். "நீங்களும் நிறுத்திட்டீங்களா? நான் முந்தாநாளே நிறுத்திட்டேன். நீங்கள்லாம் வெச்சிருக்கீங்களேன்னு நெனச்சேன்..."

"நான் திங்கக்கிழமை" என்றார் ஜட்ஜ், கப்பைப் பார்த்தபடி.

விசாரித்ததில், மற்ற மூவரும் அதே நினைப்பில் அதே வாரம் நிறுத்தியிருந்தார்கள்.

"அவனுக்கு மொத்தமே எத்தனை காரு?"

"ஆறு."

அதற்குள் அவர் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "ஐயா..."

மீசைக்காரர் முந்திக்கொண்டார். "இங்க பாருப்பா, நாங்களே நடுத்தெருவுக்கு வந்துட்டோம்."

"தெரியும்ங்கய்யா. ஆறு பேரும் தனித்தனியா சொன்னீங்களே. சொல்லிக்கிட்டுப் போகலாம்னுதான் வந்தேன். உடம்பைப் பாத்துக்குங்க."

கும்பிட்டுவிட்டு நகர்ந்தார். கல்லாவுக்குப் போய்க் குனிந்து ஏதோ பேசினார். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு வெளியேறினார்.

"அங்க போய் வேலை கேட்டிருப்பான்" என்றார் எஞ்சினியர்.

"நல்லவேளை, ரகளை பண்ணலை" என்றார் ஜட்ஜ்.

மீசைக்காரர் பெருமூச்சு விட்டார். "கொடுத்து வெச்சவன்யா. ஒரு பங்குகூட வாங்கலை. ஒரு பைசா நஷ்டமில்லை."

போட்டி தொடர்ந்தது. மீசைக்காரர் எழுபதைத் தொட்டு ஜெயித்தார். ஜட்ஜ் பில் கேட்டார்.

கல்லாவில் இருந்தவர் கையை ஆட்டினார். "பில் கட்டியாச்சு சார். இப்ப வந்தாரே, அவர்தான் ஆறு காபிக்கும் குடுத்துட்டுப் போனார். 'பாவம், எல்லாத்தையும் இழந்துட்டு உக்காந்திருக்காங்க, அவங்ககிட்ட காசு கேட்டுடாதீங்க'ன்னார்."

வெளியே எடுத்த பர்ஸ்கள் மறுபடி பைக்குள் போயின. ஒவ்வொருவராக எழுந்து, தூசி படிந்த காரில் ஏறி வீட்டுக்குப் போனார்கள்.

இதை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். யார் சொன்னது என்று மட்டும் மூச்சு விட்டுவிடாதீர்கள்.

அந்த ஆறு காபியில் ஒன்று நான் குடித்தது.